தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம், ஒரு பெரியவரின் நோட்டு என்னிடம் வந்துவிட்டது. உதவுங்கள்

குடந்தைக்காரன்
ஞாயிறு, இரவு 9.40

மங்கைநல்லூர், சங்கரன்பந்தல், பொறையார் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும். எந்த விவரம் உங்களுக்கு அடையாளம் காட்டும் என்று தெரியாததால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த நண்பனும் நானும் என் பைக்கில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். கல்லூரியில் படிக்கும்போதே பேசி வைத்த பயணம். ஒவ்வொரு விடுப்பிலும் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காலை ஆறு மணிக்கு டிகிரி காபி, மத்தியானத்துக்குள் டேனிஷ் கோட்டை, கடற்கரையில் மீன் சாப்பாடு, இருட்டுவதற்குள் வீடு. அவ்வளவுதான் கணக்கு.

மாயவரம் வரை எல்லாம் கணக்குப்படி நடந்தது. அங்கிருந்து செம்பனார்கோயில் வழியாகப் போயிருந்தால் நேரான சாலை. நண்பன்தான், “உள்பக்கமா போவோம்டா, வயல் பார்த்து எத்தனை நாளாச்சு” என்றான். மங்கைநல்லூர் போய் கிழக்கே திரும்பினோம். சங்கரன்பந்தல் வருவதற்கு முன்பே இன்னும் சின்ன சாலை ஒன்றில் இறங்கினோம். அங்கே கிளட்ச் வயர் அறுந்துபோனது.

மணி ஒன்பதரை இருக்கும். நிழலே இல்லை. அரை மணி நேரம் வண்டியை உருட்டினோம். அப்போதுதான் அந்தப் பெரியவர் டிவிஎஸ் ஐம்பதில் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியில் குறுக்காக மண்வெட்டி, ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை. “எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?” என்று கேட்டார். சொன்னோம். தன் தெருவில் வண்டி வேலை பார்க்கும் பையன் இருக்கிறான், மாயவரம் போயிருக்கிறான், ஒரு மணிக்குள் வந்துவிடுவான் என்றார். வண்டியை ஒரு வீட்டு வாசலில் விட்டோம். “நீங்க திண்ணையில உக்காருங்க, நான் மதகு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். இன்னிக்குத் தண்ணி வந்துடும்னு லஸ்கர் சொல்லிட்டுப் போனாரு” என்றார். ஆற்றையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர்தான் லஸ்கர்.

நாங்களும் கூடவே போனோம்.

வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதகு வாயில் நெய்வேலி காட்டாமணக்கு மண்டி, அதற்குள் சாக்கும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிக்கியிருந்தன. அவர் ஒருவராக வெட்டத் தொடங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. நண்பன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். நானும் இறங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை. காட்டாமணக்கு வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினொன்றரைக்கு மேற்கே சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்.

நான் டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆறு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், வற்றிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். வறண்ட தரையில் முதல் தண்ணீர் வந்து சேரும் அந்த நேரத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. சீறிக்கொண்டு வரும் என்று நினைத்தேன். நடக்கிற வேகம்கூட இல்லை. நுரையும் சருகும் குச்சியுமாக, பழுப்பு நிறத்தில், நாக்கை நீட்டுவது மாதிரி வருகிறது. ஒரு வெடிப்பு வந்தால் நின்றுவிடுகிறது. வெடிப்புக்குள் இறங்கும்போது குமிழ் குமிழாகக் காற்று வெளியே வருகிறது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நிரம்பியதும் அடுத்த அடி. பூச்சியும் எறும்பும் முன்னால் ஓடுகின்றன. அவற்றைப் பிடிக்க மைனாவும் மடையானும் தண்ணீரோடு தண்ணீராக நடந்து வருகின்றன. காய்ந்த மண் நனையும்போது கிளம்பும் வாசனையைப் பற்றி நண்பன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் வெறுங்காலோடு பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தான், மதகு வரைக்கும்.

பெரியவர் மடியில் முடிந்து வைத்திருந்த நெல்லில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் தூவினார். ஒரு அம்மா செம்பருத்திப் பூ போட்டார், இன்னொருவர் கரையில் கற்பூரம் ஏற்றினார். யாரும் எதுவும் பெரிதாகப் பேசவில்லை. பெரியவர் மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஏதோ எழுதினார்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. பழைய சோறு, மோர் மிளகாய், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. “கடற்கரையில சாப்பிடறதைத்தான் இங்கே சாப்பிடறீங்க” என்றார் அவர் வீட்டு அம்மா. அந்தப் பையன் வந்து வயர் மாற்றிக் கொடுத்தான். வயருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது அம்மா மாம்பழங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்.

தரங்கம்பாடி போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கோட்டைக்குள் போகவில்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய அந்த மதிலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் கடலோரம் உட்கார்ந்தோம். இரவு வீட்டுக்கு வந்து மாம்பழத்தை எடுத்தபோது பையின் அடியில் அந்த நோட்டு இருந்தது. டிவிஎஸ்ஸில் தொங்கிய அதே மஞ்சப்பை. அம்மா கவனிக்காமல் அதிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்.

நண்பன் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டான். நான் இன்று மறுபடி போனேன். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. தண்ணீர் வந்த பிறகு எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டு தெருக்களில் விசாரித்தேன், கிடைக்கவில்லை.

நோட்டில் இருப்பது ஒவ்வொரு வருடமும் தண்ணீர் அந்த மதகுக்கு வந்த தேதி. 1979 முதல். தயவுசெய்து உதவுங்கள்.

மாயவரத்துக்காரி
ஞாயிறு, இரவு 10.15

படித்து முடித்ததும் என் அப்பா நினைவு வந்துவிட்டது. தம்பி, ஒரு விஷயம். நோட்டில் பெயர், சர்வே எண் இருந்தால் இங்கே போடாதீர்கள், படமும் வேண்டாம். மதகைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் கோயில், மரம், பாலம் ஏதாவது?

குடந்தைக்காரன்
ஞாயிறு, இரவு 10.31

சரி அக்கா, போட மாட்டேன். மதகிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேட்டைக்கு நிற்கிற குதிரையோடு ஐயனார் கோயில். குதிரைக்கு ஒரு காது இல்லை. கரையில் இரட்டைப் பனை. மதகு பழைய செங்கல் கட்டு, மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை
திங்கள், காலை 5.50

நான் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் ‘லஸ்கர் சொன்னார்’ என்று பார்த்ததும் மனசு நிறைந்தது. இப்போது அந்த வேலைக்கு ஆளே குறைந்துபோனது. மதகுக்கு எத்தனை கண், அதாவது தண்ணீர் போகும் வாய், என்று சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணா, இரட்டைக் கண்ணா? பலகை போடும் மதகா, ஷட்டர் திருகும் மதகா? அது தெரிந்தால் பாதி கண்டுபிடித்த மாதிரி.

தண்ணீர் வேகம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இந்த 2025இல் மேட்டூரை ஜூன் 12 திறந்தார்கள், கல்லணையை 15 திறந்தார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. காவிரியிலிருந்து பிரியும் கிளைகளில் ஒன்றுதான் நீங்கள் நின்ற பக்கம் ஓடும் வீரசோழன். முதல் தண்ணீரில் பெரும் பங்கை மணல்தான் குடிக்கும். மாசக்கணக்கில் காய்ந்த ஆறு வயிறு நிறையக் குடித்த பிறகுதான் அடுத்த ஊருக்கு விடும். நாங்கள் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு அந்தத் தண்ணீர் கூடவே கரையில் நடப்போம். முன்னே போய் மதகில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. நீங்கள் இரண்டு பேரும் செய்தது அந்த வேலைதான்.

குடந்தைக்காரன்
திங்கள், காலை 8.05

ஐயா, இரட்டைக் கண். ஒன்றில் ஷட்டர் இருக்கிறது. இன்னொன்றில் பலகைதான் போட்டிருந்தார்கள்.

பூண்டி சம்பா
திங்கள், காலை 11.20

திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை விவசாயி நான், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். நோட்டை நீங்கள் பார்த்ததால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 முதல் 2017 வரை என்ன எழுதியிருக்கிறார்? எங்களுக்கு அந்த ஆறு வருடம் தொண்டையில் முள் மாதிரி.

குடந்தைக்காரன்
திங்கள், மதியம் 1.10

சொந்த விஷயங்கள் இருக்கும் பக்கங்களை விட்டுவிட்டு, தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன் அண்ணா. 2012இல் ‘குறுவை இல்லை’ என்று ஒரே வரி. 2016இல் ‘சம்பா நாற்று கருகியது’. 2017இல் அக்டோபர் என்று எழுதி, கீழே இரண்டு கோடு அடித்திருக்கிறார். 2018இல் ஆகஸ்ட் 22 திருச்சி பக்கம் முக்கொம்பு மதகு உடைந்ததைக் குறித்திருக்கிறார், நவம்பரில் ‘கஜா. ஓடு போயிற்று, ஆள் க்ஷேமம்’ என்று இருக்கிறது. 2022க்கு நேரே ‘மே மாதமே திறந்தாச்சு. என் ஆயுளில் முதல் தடவை’.

பூண்டி சம்பா
திங்கள், மதியம் 1.45

அப்படியே பொருந்துகிறது. மேட்டூர் 2012இல் செப்டம்பர் 17தான் திறந்தது, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. 2022இல் மே 24. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்கெல்லாம் இந்தத் தேதிகள் பிள்ளைகள் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம். ஆனால் அரசாங்கக் கணக்கில் மேட்டூர் திறந்த தேதிதான் இருக்கும். ஒரு கடைமடை மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த தேதியை ஒரு மனுஷன் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் விடாமல் எழுதியிருக்கிறார் என்றால், தம்பி, அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

நீரியல் மாணவன்
திங்கள், மாலை 6.30

நான் நீர் மேலாண்மை படிக்கிறேன். பூண்டி சம்பா அண்ணன் சொன்னதைத்தான் சொல்ல வந்தேன். கல்லணைக்குக் கீழே கடைசி மதகு வரை தண்ணீர் போக எத்தனை நாள் ஆகிறது, அது வருடா வருடம் எப்படி மாறுகிறது என்பதற்கு இந்த மாதிரி பதிவு மிக அரிது. நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து இங்கே ஏற்றிவிடலாமே? திரும்பப் போனால் பரணில் கிடந்து கரையான் அரித்துவிடும். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் ஆகிறது.

மாயவரத்துக்காரி
திங்கள், மாலை 7.02

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு பக்கத்தைக்கூட எடுக்கக் கூடாது. அது அரசாங்க ஆவணம் இல்லை, ஒருவரின் வீட்டுக் கணக்கு. தண்ணீர் தேதிக்குப் பக்கத்திலேயே கடன், நகை, கல்யாணம், சாவு எல்லாம் எழுதியிருப்பார்கள். என் அப்பா அப்படித்தான் எழுதினார். அதை ஊர் பார்க்கப் படம் எடுத்துப் போட்டிருந்தால் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

நீரியல் மாணவன்
திங்கள், மாலை 7.20

சரி அக்கா. நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. அவரிடம் கேட்டுவிட்டு, தேதிகளை மட்டும் எடுக்க முடியுமா என்று குடந்தைக்காரன் அண்ணன் கேட்டுப் பார்க்கட்டும்.

குடந்தைக்காரன்
திங்கள், இரவு 8.00

அப்படியே செய்கிறேன். அதுவரை இன்னொரு பக்கத்தைப் புரட்ட மாட்டேன். சில பக்கங்களைப் பார்த்ததே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. முகவரி இருக்கிறதா என்று தேடித்தான் புரட்டினேன்.

புதுசு
திங்கள், இரவு 9.12

சின்னக் கேள்வி. என் தாத்தா ‘ஏழு மா’, ‘ஒரு வேலி’ என்றெல்லாம் சொல்வார். நோட்டு எழுதும் பெரியவர்களும் அப்படித்தான் குறிப்பார்களா? மா என்றால் எவ்வளவு?

பூண்டி சம்பா
திங்கள், இரவு 9.30

நூறு குழி ஒரு மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. திருவாரூர் கோயிலைச் சொல்லும்போது ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பார்களே, அந்த வேலி இதுதான். பத்திரத்தில் ஹெக்டேர் என்று போட்டிருந்தாலும் எங்கள் வாயில் மா தான் வரும்.

ஆச்சாள்புரம்
செவ்வாய், காலை 7.15

இழை திசை மாறுவதற்கு மன்னிக்கவும். போன வருடம் 2024இல் மேட்டூர் ஜூலை 28தான் திறந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொள்ளிடம் இரு கரை தொட்டுக் கடலுக்கு ஓடியது. அதே நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கண் எதிரே கடலுக்குப் போகிறதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். இதை யாரிடம் சொல்வது?

வெண்ணாற்றங்கரை
செவ்வாய், காலை 8.40

உங்கள் வலி நியாயமானது. ஒரு காரணம் சொல்கிறேன். காவிரி, வெண்ணாற்றுக் கரைகள் பாசனத்துக்கு மட்டும் தாங்கும் கரைகள். லட்சம் கன அடி வரும்போது அதில் விட்டால் கரை உடைந்து ஊர் போய்விடும். அதனால் முக்கொம்பிலிருந்தும் கல்லணையிலிருந்தும் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுவார்கள். கொள்ளிடம் வெள்ளத்துக்கான வடிகால். ஆனால் வாய்க்கால் தூர்வாராமல், மதகு பழுதாகிக் கிடந்தால், காவிரியில் விட வேண்டிய பங்கும் கடைசி வரை போய்ச் சேராது. என் வேலைக் காலம் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். இரட்டைக் கண்ணில் ஒன்றுக்கு ஷட்டர், ஒன்றுக்குப் பலகை என்று குடந்தைத் தம்பி சொன்னாரே, அந்த ஒரு ஷட்டர் எத்தனை வருடமாக இல்லையோ.

தம்பி, சங்கரன்பந்தலுக்கு மேற்கே அப்படி இரட்டைக் கண் மதகு எனக்குத் தெரிந்து மூன்று இருக்கிறது. ஐயனாரும் இரட்டைப் பனையும் சேர்ந்தது எது என்று அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறையார் டீச்சர்
செவ்வாய், இரவு 9.50

இன்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டேன். ‘காது இல்லாத குதிரை’ என்று சொன்னதும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அது அவள் ஊர். தண்ணீர் வந்த அன்றைக்கு முன்னால் ஓடி வந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. “வெளியூர் மாமா ஒருத்தர் பின்னாடியே நடந்தாங்க டீச்சர்” என்றாள். பெரியவர் அவளுக்குச் சின்னத் தாத்தா முறை. விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

மாயவரத்துக்காரி
செவ்வாய், இரவு 9.58

டீச்சர், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குடந்தைக்காரன்
ஞாயிறு, இரவு 8.20

போய்விட்டு வந்துவிட்டேன்.

நான் போனபோது பெரியவர் வயலில் இருந்தார். அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். நோட்டைக் கையில் கொடுத்ததும் மார்போடு வைத்துக்கொண்டார். இரண்டு வாரமாகத் தேடாத இடம் இல்லையாம், வைக்கோல் போரைக்கூடப் பிரித்துப் பார்த்தார்களாம். மாம்பழப் பையில் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, ஆனால் எங்களை எங்கே போய்த் தேடுவது? “என் கையாலேயே தூக்கிக் குடுத்துட்டேனேன்னு எனக்குச் சோறு இறங்கல தம்பி” என்றார். முந்தைய ஞாயிறு நான் விசாரித்தது வாய்க்காலுக்கு எதிர்க் கரையில் இருக்கும் தெருவாம். முந்நூறு அடி தூரம்தான்.

பெரியவர் வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து அன்றைய பக்கத்தை எடுத்தார். தேதியும் ‘11.40’ என்ற நேரமும் மட்டும்தான் இருந்தது. “முழுசா எழுதறதுக்குள்ள சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டா” என்றார். பேனாவை என்னிடம் கொடுத்து, தான் சொல்வதை எழுதச் சொன்னார். நான் எழுதியது இது: ‘மதகு வாய் சுத்தம் செய்தது மூன்று பேர். இரண்டு பேர் வெளியூர்த் தம்பிகள். தண்ணீர் தடை இல்லாமல் வயலுக்கு ஏறியது.’

ஸ்கேன் பற்றிக் கேட்டேன். மாணவன் தம்பிக்கு அவர் சொன்னது: தேதிகளை எழுதிக்கொண்டு போகலாம், மற்றது வேண்டாம். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து 1979 முதல் தேதிகளை மட்டும் அவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வருடத்துக்கும் நின்று ஏதாவது சொல்வார். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். தேதிப் பட்டியலைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன் தம்பி.

ஒன்று கேட்டேன்: ஏன் எழுதத் தொடங்கினீர்கள்? அவர் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு இல்லை. 1979இல் கல்யாணம் ஆகி வந்த அம்மா முதல் வருடமே, “தண்ணி எப்ப வரும்?” என்று தினமும் கேட்டாராம். போன வருடம் எப்போது வந்தது என்று பெரியவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வருடமே நோட்டு வாங்கினாராம்.

நண்பனை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவனுக்கு வாய்க்காலைக் காட்டச் சொன்னார் பெரியவர். மதகு வரை நடந்து போய்க் காட்டினேன். தண்ணீர் இப்போது தெளிந்து, முழங்கால் அளவுக்கு மேல் ஓடுகிறது. அவன் அங்கே ஏதோ ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். ரயில் வந்தும் ஏறவில்லை.

வெண்ணாற்றங்கரை ஐயா, நீங்கள் கேட்ட ஷட்டர் ஆறு வருடமாக இல்லையாம். ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை
ஞாயிறு, இரவு 9.05

மனு நகல் இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பிரிவுக்கு, யார் பார்வைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். தண்ணீர் நிறுத்திய பிறகு, கோடைக்குள் வேலையைத் தொடங்கினால்தான் உண்டு. இப்போதே பின்னால் நிற்க வேண்டும்.

பூண்டி சம்பா
ஞாயிறு, இரவு 9.20

குறுவைக்கு என்ன ரகம் போட்டிருக்கிறார், கேட்டீர்களா?

குடந்தைக்காரன்
ஞாயிறு, இரவு 9.26

ஆடுதுறை 43 அண்ணா. நாற்று விட்டுப் பத்து நாள் ஆகிறது. நடவுக்கு வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன்.